கடலைக் கடந்ததும் செம்மண்: யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் பற்றி ஒரு பயணியின் மதிப்பீடு

கடந்த ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுப்பதற்காக, எண்பதைத் தாண்டிய அம்மாவையும் அழைத்துக்கொண்டு சென்னையிலிருந்து நேரே யாழ்ப்பாணத்துக்கு விமானத்தில் போனேன். இதற்கு முன்பு போன பயணங்களில் எல்லாம் கொழும்புக்கு அருகே உள்ள கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி, கொழும்பில் ஓர் இரவு தங்கி, பிறகு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தூரத்தை ரயிலிலோ சொகுசுப் பேருந்திலோ கடந்து, ஊர் சேரும்போது அம்மாவின் கால்கள் வீங்கிப்போயிருக்கும். இந்த முறை காலைச் சாப்பாட்டைச் சென்னையில் முடித்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு உரும்பிராயில் சித்தி வீட்டில் இருந்தோம். முதியவர்களுடனும் குழந்தைகளுடனும் வருகிறவர்கள், சிகிச்சைக்காகச் சென்னைக்கும் திருச்சிக்கும் போய்வருகிறவர்கள் ஆகியோருக்கு இந்த விமான நிலையத்தைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.

ஆனால், இதை 2019இல் திறக்கப்பட்ட ஒரு சிறிய புதிய விமான நிலையம் என்று மட்டும் எண்ணிக்கொண்டு வருகிறவர்கள் கட்டடத்தின் அளவையும் நாற்காலிகளின் எண்ணிக்கையையும் பார்த்துவிட்டுப் போய்விடக்கூடும். இது நீண்ட காலம் அடைபட்டுக் கிடந்து, பாதி திறக்கப்பட்டிருக்கிற ஒரு பழைய வழி. அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு இறங்கினால்தான் இங்கே நமக்குக் கிடைப்பது என்ன, இன்னமும் கிடைக்க வேண்டியது என்ன என்பது விளங்கும் என்பதால், சேவையைப் பற்றியும் வரலாற்றைப் பற்றியும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் பயணம். சென்னையிலிருந்து, இந்த விமான நிலையம் இருக்கும் பலாலிக்கு நேர்கோட்டுத் தூரம் சுமார் 360 கிலோமீட்டர்தான். ஏடிஆர் 72 என்னும் சுழல்விசிறி விமானம் அதை ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. எழுபது பேர் அளவில் அமரக்கூடிய விமானம் என்பதால் இருக்கைக்கு மேலே உள்ள பெட்டித் தட்டு சிறியது. பெரிய கைப்பெட்டியைக் கொண்டுவருகிறவர்கள் அதை வாசலிலேயே ஒப்படைக்க வேண்டியிருக்கும். சென்னையில் எங்களுக்குச் சீட்டு எடுத்துத் தந்த பயண முகவர் இதைச் சொல்லவில்லை. அதோடு, சன்னல் இருக்கைக்கென்று தனியாகப் பணம் வாங்கிக்கொண்டு அம்மாவுக்கு நடைவழி இருக்கையைப் பதிந்திருந்தார். விமானத்தில் ஏறிய பிறகுதான் அது தெரிந்தது. அம்மாவின் முகம் வாடியதைப் பார்த்த பக்கத்து இருக்கை இளைஞர், கேட்பதற்கு முன்பே எழுந்து, "இதிலை இருங்கோ அம்மா, நான் கிழமைக்குக் கிழமை போய் வாறனான்" என்று இடம் மாற்றிக்கொடுத்தார். வாரத்துக்கு வாரம் போய்வருகிறேன் என்று ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளை சென்னையைப் பற்றிச் சாதாரணமாகச் சொன்ன அந்த வார்த்தையிலேயே இந்தச் சேவை எதை மாற்றியிருக்கிறது என்பது அடங்கியிருந்தது.

கரை தெரிந்ததும் அம்மா சன்னலோடு ஒட்டிக்கொண்டார். நீலம் வெளுத்துப் பச்சையாகி, அலை வெள்ளைக்கோடாகி, அதற்கப்பால் சதுரம் சதுரமாகச் செம்மண் தோட்டங்கள், பனை வரிசைகள், பிறகு கூரையில்லாத சுவர்கள். "அந்தா, துறைமுகம். அதுக்கு இஞ்சாலைதான் எங்கட வளவு" என்று கண்ணாடியில் விரலை வைத்துக் காட்டினார். விமானம் திரும்பி இறங்கும் வரை அந்த விரல் கண்ணாடியில் ஒரே இடத்தில் இருந்தது. நிலம் நகர்ந்துகொண்டே போயிற்று. அம்மா பிறந்து வளர்ந்த மயிலிட்டி, ஓடுபாதைக்கு வடமேற்கே கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. 1990இல் நாங்கள் விட்டு வந்த வீடும் அங்கேதான்.

இந்த ஓடுபாதைக்கும் அம்மாவுக்கும் ஏறத்தாழ ஒரே வயது. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் கொழும்பின் மீதும் 9ஆம் நாள் திருகோணமலையின் மீதும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. வங்காள விரிகுடாவைக் காவல் காப்பதற்கு நீண்ட தூரம் பறக்கும் விமானங்களும், அவை எழுந்து இறங்குவதற்கு உறுதியான தரையும் பிரித்தானியருக்குத் தேவைப்பட்ட காலம் அது. மெல்லிய செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல் பாறை விரிந்து கிடக்கும், யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் பகுதியின் வடக்கு விளிம்பு அதற்குத் தோதாக அமைந்தது. பிரித்தானிய விமானப்படை, அருகிலிருந்த துறைமுகத்தின் பெயரால் இதைக் காங்கேசன்துறைத் தளம் என்றே அழைத்தது. போர் முடியும் தறுவாயில், 1945இல், நான்கு எஞ்சின்கள் கொண்ட லிபரேட்டர் விமானங்களுடன் அதன் 203ஆம் படைப்பிரிவு இங்கே நிலைகொண்டிருந்தது. புகையிலையும் வெங்காயமும் விளைந்த தோட்டங்களுக்கு நடுவே அப்படிப்பட்ட இரும்புப் பறவைகள் இறங்கியதைக் கண்ட தலைமுறையில் இன்று ஒரு சிலரே மிஞ்சியிருப்பார்கள்.

போர் முடிந்ததும் படை போய்விட்டது, பாதை கிடந்தது. அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த பகுதி. 1947 டிசெம்பர் 10ஆம் நாள், இலங்கை சுதந்திரம் அடைவதற்கு இரண்டு மாதங்கள்கூட இல்லாத நேரத்தில், ஏர் சிலோன் நிறுவனத்தின் முதலாவது விமானம் கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து புறப்பட்டுக் காங்கேசன்துறையில் இறங்கி அங்கிருந்து சென்னைக்குப் பறந்தது. அந்த நாட்டின் தேசிய விமான சேவையினுடைய முதல் பயணத்தின் முதல் தரிப்பிடமே நம்முடைய இந்தப் பலாலி ஓடுபாதைதான். பறந்தது ஒரு டகோட்டா. போர்க்காலத்தில் படைவீரர்களையும் தளவாடங்களையும் சுமந்த அதே வகை விமானம், போருக்காக அமைத்த தரையில், சாதாரணச் சனங்களை ஏற்றிக்கொண்டு இறங்கியிருக்கிறது. சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே விமானம் விடுவதை இன்று புதுமையாகப் பேசுகிறவர்களுக்கு இந்தத் தேதியை நான் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு.

அம்மப்பா அந்த விமானங்களில் ஒன்றில் சென்னைக்குப் போய், அம்மாவின் மூத்த அக்காவின் கலியாணத்துக்குக் கூறைச் சேலை எடுத்துக்கொண்டு வந்தார் என்பது எங்கள் வீட்டில் தலைமுறையாகச் சொல்லப்படும் கதை. சிறு பிள்ளையான அம்மா கம்பி வேலிக்கு இப்பால் நின்று, படியிறங்கி வந்த தன் அப்பாவின் வேட்டி காற்றில் படபடத்ததைப் பார்த்திருக்கிறார். அந்தச் சேலையை இப்போது பெரியம்மாவின் மகள் வைத்திருக்கிறாள்.

ஏர் சிலோனின் உள்நாட்டுச் சேவை எழுபதுகளின் இறுதி வரை நடந்தது. 1978 செப்டெம்பர் 7ஆம் நாள், யாழ்ப்பாணத்திலிருந்து இரத்மலானைக்குப் போய்ச் சேர்ந்து பயணிகளை இறக்கிவிட்டிருந்த ஒரு அவ்ரோ விமானம் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஏர் லங்கா பறக்கத் தொடங்கும்போது ஏர் சிலோன் என்ற பெயரே இல்லாமற் போயிருந்தது. எண்பதுகளில் உள்நாட்டுப் போர் மூண்டதோடு பலாலி மீண்டும் முழுமையான படைத்தளமாகியது. 1987இல் இந்திய அமைதிப்படை வந்திறங்கியதும் இங்கேதான். அந்த ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்துக்குச் சிப்பாய்களை ஏற்றிச் சென்ற ஹெலிகொப்டர்கள் எழுந்ததும் இதே தரையிலிருந்துதான். அம்மா அந்த இரவின் சத்தத்தை இன்னமும் மறக்கவில்லை.

1990 யூனில் போர் மறுபடியும் வெடித்தபோது, தளத்தைச் சுற்றியிருந்த ஊர்கள் ஒவ்வொன்றாக வெறுமையாயின. பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறை, வயாவிளான், தையிட்டி என வலிகாமம் வடக்கின் ஊர்ப் பெயர்கள் அத்தனையும், அதற்குப் பிறகு இருபது முப்பது ஆண்டுகளுக்கு இடம்பெயர்ந்தோர் தங்கிய நலன்புரி முகாம்களின் பதிவேடுகளிலேயே வாழ்ந்தன. ஓடுபாதையைப் பாதுகாப்பதற்காக என்று சொல்லி விரிக்கப்பட்ட உயர் பாதுகாப்பு வலயம் 6,000 ஏக்கருக்கும் மேல் பரந்தது. பலாலி என்றால் ஒரு காலத்தில் எல்லோருக்கும் நினைவுக்கு வந்தது அங்கிருந்த ஆசிரியர் கலாசாலைதான். எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் நடத்திய எத்தனையோ வாத்தியார்மார் அங்கே படித்து வந்தவர்கள். அந்தக் கலாசாலையும் இடம்பெயர்ந்தது. விமான நிலையத்தைப் பற்றி எழுதும்போது நிலத்தைப் பற்றி எழுதாமல் விடுவது நேர்மையாகாது. பயணி கால்வைக்கும் தளத்தைச் சுற்றி, திரும்ப வேண்டிய குடும்பங்கள் இருக்கின்றன.

1995 ஏப்ரல் 28ஆம், 29ஆம் நாட்களில் அடுத்தடுத்து இரண்டு விமானப்படை அவ்ரோக்கள் பலாலிக்கு அருகே சுட்டு வீழ்த்தப்பட்டன. அந்த ஆண்டின் இறுதியில் யாழ்ப்பாண நகரம் அரச படைகளின் கையில் வந்த பிறகு, தரைவழி இல்லாத குடாநாட்டு மக்களுக்குக் கப்பலை விட்டால் பலாலி ஒன்றே வெளியுலக வாசலாக இருந்தது. தனியார் விமானங்கள் சில இரத்மலானைக்குப் பறந்தன. 1998 செப்டெம்பர் 29ஆம் நாள் பிற்பகல், இங்கிருந்து எழுந்த லயன் ஏர் நிறுவனத்தின் அன்டனோவ் விமானம் மன்னாருக்கு அப்பாலான கடலில் சுட்டு வீழ்த்தப்பட்டு, 48 பயணிகளும் 7 பணியாளர்களுமாக 55 பேர் இறந்தார்கள். அதன் சிதைவுகள் இரணைதீவுக் கடலடியில் 2012இல்தான் கண்டெடுக்கப்பட்டன. பதினான்கு ஆண்டுகள் காத்திருந்த உறவினர்களை நான் நேரில் அறிவேன். அவர்களைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். இந்த ஓடுபாதையிலிருந்து விமானம் எழும்பும் ஒவ்வொரு தடவையும் அந்த 55 பேரை நினைத்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

2009இல் போர் முடிந்தும் சர்வதேச சேவைக்குப் பத்து ஆண்டுகள் பிடித்தன. 2019இல் புனரமைப்பு வேலை தொடங்கி, சில மாதங்களிலேயே ஓடுபாதையின் ஒரு பகுதி பலப்படுத்தப்பட்டு, ஒரு சிறு பயணிகள் கட்டடமும் எழுந்தது. செலவின் பெரும்பகுதியை இலங்கை அரசும் ஒரு பகுதியை இந்திய அரசும் ஏற்றன. ஒக்டோபர் 17ஆம் நாள், அப்போதைய சனாதிபதி மைத்திரிபால சிறிசேனவும் பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவும் திறந்துவைத்தபோது சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் விமானம் ஒன்று வந்திறங்கியது. வழக்கமான பயணிகள் சேவை நவம்பர் 11இல் தொடங்கியது. நான்கு மாதம் பறந்திருக்கும். 2020 மார்ச்சில் கொரோனா வந்து எல்லாவற்றையும் நிறுத்தியது. மீண்டும் பறந்தது 2022 டிசெம்பர் 12இல். 2024 செப்டெம்பரில் இண்டிகோவும் சென்னையிலிருந்து வரத் தொடங்கியது. 2025 மார்ச் இறுதியில் அதே நிறுவனம் திருச்சியையும் இணைத்தது. திருச்சிக்கும் பலாலிக்கும் நேர்கோட்டுத் தூரம் சுமார் 185 கிலோமீட்டர் மட்டுமே என்பதைக் கவனிக்க வேண்டும். கொழும்பைவிடத் திருச்சி யாழ்ப்பாணத்துக்கு மிகவும் அருகில் இருக்கிறது என்ற உண்மை, விமானம் வந்த பிறகுதான் நடைமுறைக்கு வந்தது.

இனிச் சேவை. விமானத்திலிருந்து படிவழியே இறங்கித் தரையில் நடந்தே கட்டடத்துக்குப் போகலாம். காற்றில் கடல் உப்பும் காய்ந்த புல்லும் மணக்கும். அம்மாவுக்குச் சக்கர நாற்காலி கேட்டிருந்தோம். விமானம் நின்ற சிறிது நேரத்திலேயே வந்துவிட்டது. தள்ளிக்கொண்டு வந்த பிள்ளை அம்மாவிடம் எந்த ஊர் என்று கேட்க, மயிலிட்டி என்றதும், தன் அம்மம்மாவும் அந்தப் பக்கம்தான் என்று கதையைத் தொடங்கிவிட்டாள். பெயர்ப்பலகையில் தமிழ் முதலில் இருக்கிறது. குடிவரவு மேசையில் அம்மாவிடம் தமிழிலேயே கேள்வி கேட்டார்கள். கட்டுநாயக்காவில் ஒவ்வொரு முறையும் நான் மொழிபெயர்ப்பாளராக நின்றிருக்கிறேன். இங்கே அம்மா தன் கடவுச்சீட்டைத் தானே நீட்டி, தானே பதில் சொல்லி, தானே வாங்கிக்கொண்டார். ஒரு முதியவருக்கு இது எவ்வளவு பெரிய மரியாதை என்பதை அருகில் நின்று பார்த்தவர்களே அறிவார்கள். கடவுச்சீட்டை வாங்கிய கையோடு சேலைத் தலைப்பால் அதன் அட்டையைத் துடைத்துப் பைக்குள் வைத்தார்.

ஒரே நேரத்தில் ஒரு விமானத்துப் பயணிகளே வருவதால் வரிசை நீளமில்லை. பொதிகள் சீக்கிரம் கைக்கு வந்துவிடுகின்றன. பெரிய விமான நிலையங்களில் காணும் கடைத்தெருவையோ விதவிதமான உணவகங்களையோ எதிர்பார்த்து வரக்கூடாது. திரும்பிப் போகிறவர்கள் சாப்பாட்டையும் மருந்துகளையும் வீட்டிலேயே முடித்துக்கொண்டு வருவது நல்லது. ஒடியல் மா, பனங்கட்டி, மிளகாய்த்தூள் போன்றவற்றை ஊரிலேயே வாங்கிப் பெரிய பொதிக்குள் இறுகக் கட்டிவிட வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் நுழைவு அனுமதியை இணையத்தில் முன்கூட்டியே எடுத்துக்கொள்வதும், வாகனத்துக்கு முதல்நாளே சொல்லிவைப்பதும் அலைச்சலைக் குறைக்கும். நிலையம் விமானப்படைத் தளத்தை ஒட்டியே இருப்பதால் காவலர்களையும் முட்கம்பி வேலியையும் கடந்துதான் வெளியே வர வேண்டும். கைப்பேசியில் படம் எடுக்கும் ஆசையை அதுவரை அடக்கிக்கொள்ள வேண்டும். பலாலி வீதிவழியே புன்னாலைக்கட்டுவன், உரும்பிராய், கோண்டாவில், திருநெல்வேலி என்று ஊர்கள் வரிசையாக வர, யாழ்ப்பாண நகரத்தை முக்கால் மணிக்குள் அடைந்துவிடலாம். கீரிமலைக்கோ மாவிட்டபுரத்துக்கோ போகிறவர்களுக்கு அதைவிடக் குறைந்த தூரம்.

காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே 2023 ஒக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் தொடங்கிய கப்பலைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். இளையவர்களுக்கும் தஞ்சாவூர்ப் பக்கம் போகிறவர்களுக்கும் அது நல்ல வழி. வடகிழக்குக் காற்று வீசும் வாடைக் காலத்தில் கடல் கொந்தளிக்கும் என்பதால் வயதானவர்களுக்கு விமானமே நல்லது என்பது என் அபிப்பிராயம்.

குறை என்று சொல்வதானால், முதன்மையானது ஓடுபாதையின் நிலை. நடுத்தர ஜெட் விமானங்கள் முழுச்சுமையோடு வந்துபோகும் அளவுக்கு அது பலப்படுத்தப்படும் வரை, பலாலி சுழல்விசிறி விமானங்களின் நிலையமாகவே இருக்கும். லண்டனிலிருந்தும் டொரொன்டோவிலிருந்தும் வருகிற எங்கள் உறவுகள் சென்னையில் மாறி ஏறுவதற்கு இந்தச் சேவை உதவுகிறது. ஆனால், அவர்களுடைய பெட்டிகளுக்கு இந்தச் சிறு விமானத்தில் இடம் பற்றாது. கட்டடத்தையும் பாதையையும் படிப்படியாக விரிவாக்குவோம் என்பது 2019 முதலே சொல்லப்பட்டுவரும் பேச்சு. அந்த விரிவாக்கம், மீண்டும் ஒருமுறை அயலவரின் காணிகளை விழுங்காமல், இருக்கிற எல்லைக்குள்ளேயே நடக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். மயிலிட்டித் துறைமுகம் 2017இல் மக்களிடம் திரும்பியது, வேறு காணிகளும் துண்டு துண்டாக விடுவிக்கப்பட்டுள்ளன, மிச்சம் இருக்கிறது. வருகை மண்டபத்தின் ஒரு சுவரில் 1947இன் டகோட்டாவையும் பழைய ஊர்களின் பெயர்களையும் ஒரு பலகையாக வைத்தால், தேநீரைக் குடித்தபடியே ஒரு பிள்ளை தன் பாட்டியின் ஊரைப் படித்துக்கொள்ளும்.

கடைசியாக, அம்மாவைப் போன்றவர்களை அழைத்துவருகிறவர்களுக்கு இருக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. ஓடுபாதை வடகிழக்கு–தென்மேற்காகக் கிடக்கிறது. விமானம் பெரும்பாலும் காற்றை எதிர்த்தே இறங்கும். ஆடி, ஆவணியில் தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலத்தில் கடற்பக்கமாக வந்து தென்மேற்கு நோக்கி இறங்கும் என்பதால், மயிலிட்டியும் காங்கேசன்துறையும் வலப்பக்கச் சன்னலில் தெரியும். மார்கழி, தை வாடைக் காலத்தில் வருகிறவர்கள் இடப்பக்கம் கேட்டு வாங்க வேண்டும். சீட்டு எடுக்கும்போதே இதைச் சொல்லி, இருக்கை எண்ணை நீங்களே ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.